நூலகம் தளத்துப் பழைய நூல்களை வாசிக்கக் கைபேசி போதுமா, வாசிப்புக் கருவி வேண்டுமா?

கொக்குவில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர் கேட்டபோது, மின்னூல் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி ஒன்று வேண்டும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறேன். அவருடைய காசு வீணாகிவிடக் கூடாது என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 44 வயது. கிளிநொச்சியில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். காலையில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமும் திரும்பி வரும்போது அதேயளவு நேரமும் பேருந்திலேயே கழிவதால், என் வாசிப்பில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இப்போது எல்லாவற்றையும் 6.5 அங்குலக் கைபேசியில்தான் வாசிக்கிறேன். பேருந்து ஆனையிறவைத் தொட்டதும், இருபக்கமும் மரமில்லாத அந்த வெளியில் வெயில் நேரே யன்னலால் விழுந்து, திரையில் எழுத்துக்குப் பதிலாக என் முகம்தான் தெரிகிறது. இரவில் ஒரு மணிநேரம் வாசித்தால் கண் எரிகிறது. அதோடு, ஒரு கதையில் மனம் ஊன்றும் வேளை பார்த்துப் பெற்றோர் குழுவில் செய்தி வந்துவிடும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினால் செய்யுள் சிதைந்துபோகிறது. குறளின் முதலடியில் 4 சீர்கள் இருக்க வேண்டும். கைபேசியில் 3 சீர்களோடு வரி முடிந்து, நான்காவது சீர் கீழே இறங்கித் தனித்து நிற்கிறது. அதன்கீழ் இரண்டாம் அடியின் 3 சீர்களும் வர, ஈரடிக் குறள் மூவடிப் பாட்டுப் போலத் தோன்றுகிறது. வகுப்பில் அடியையும் சீரையும் பிரித்துக் காட்டும் ஒருத்திக்கு இது எவ்வளவு உறுத்தல் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கைபேசியில் உள்ள கோப்புகளை நேற்று எண்ணிப் பார்த்தேன். 41 இருக்கின்றன. மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலிருந்து எடுத்த இலக்கியங்கள் சில, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற இலவச மின்னூல் தளத்திலிருந்து எடுத்தவை சில, மிகுதி முழுவதும் நூலகம் என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கிய நம்மூர் நூல்களும் மல்லிகை என்ற இலக்கிய இதழ்களும். இந்த மல்லிகை இதழ்கள் என் அம்மாவுக்காக எடுத்தவை. அவருக்கு 71 வயது. அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமையில் மாதந்தவறாமல் வாங்கி வைத்திருந்த இதழ்கள் இடப்பெயர்வின்போது வீட்டோடு போய்விட்டன. அவற்றை மறுபடி வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கைபேசியில் விரல்களால் விரித்து விரித்து வாசிக்க அவரால் முடியவில்லை.

வாசிப்புக் கருவி வாங்கினால் இந்தச் சிரமங்கள் உண்மையிலேயே தீருமா? அல்லது கைபேசியையே திருத்தமாகப் பயன்படுத்தினால் போதுமா? இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.


ஏழாலை வாசகன் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் 2019 முதல் அமேசானின் 6 அங்குலக் கிண்டில் வாசிப்புக் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதற்கு முன் நானும் கைபேசியில்தான் வாசித்தேன்.

முதலில் உங்கள் ஆனையிறவு வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். கைபேசித் திரை தானே ஒளிவிடுகிறது. வெளியொளி அதை மிஞ்சும்போது எழுத்து மறைந்துவிடும். வாசிப்புக் கருவியில் இருப்பது மின்மைத் திரை. நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுக்கும்போது ஒருவகைத் துகள்கள் மேலெழ, மற்றவை கீழிறங்கி எழுத்து உருவாகிறது. தாளில் உள்ள மையைப் போலவே அது வெளியொளியைத் திருப்பி அனுப்புவதால், வெயில் கூடக்கூட எழுத்துத் தெளிவாகத் தெரியும். இரவுக்கான விளக்கும் திரைக்குப் பின்னால் இருப்பதில்லை. ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் பரவுகிறது. எழுதப்பட்ட பக்கம் அப்படியே நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை, பக்கத்தை மாற்றும்போது மட்டுமே தேவை. அதனால் ஒருமுறை மின்னேற்றினால் எனக்கு மூன்று கிழமைக்குப் போதும். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கைபேசியின் பற்றரியை அவசர அழைப்புக்காகக் காத்து வைத்திருந்த அந்த இரவுகளில், பிள்ளைகளுக்கு நான் இந்தக் கருவியிலிருந்துதான் கதை வாசித்தேன்.

உங்கள் குறள் வரிக்கும் இதில் ஓரளவு விடை உண்டு. உங்கள் கைபேசித் திரை நீளமே தவிர அகலமன்று. 6.5 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு, அகலம் ஏறத்தாழ 7 சதமமீற்றர்தான். 6 அங்குல வாசிப்புக் கருவியின் அகலம் 9 சதமமீற்றர். இந்த இரண்டு சதமமீற்றர் வேறுபாடு ஆங்கிலம் வாசிப்பவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். தமிழில் அது பெரிது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பதை நாம் ஒரே சொல்லாகத்தானே எழுதுகிறோம். அப்படியொரு சொல் கைபேசியில் ஒரு வரியையே பிடித்துக்கொள்ள, மேல்வரியில் இரண்டு சொற்கள் நடுவில் பெரிய வெற்றிடத்தோடு நிற்கும். அகலம் சற்றுக் கூடியதும் அந்தப் பொத்தல்கள் குறைந்து, உரைநடை உரைநடையாகத் தெரிகிறது.

தமிழெழுத்து ஒழுங்காகத் தெரியுமா என்று பலர் கேட்பதுண்டு. 2016 டிசெம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உட்பட 5 இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் சிக்கலை நான் காணவில்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பை எடுத்து, மின்னஞ்சல்வழி கருவிக்கு அனுப்பினால் அதுவே மாற்றி ஏற்றிக்கொள்ளும். 2022 முதல் ஈபப் கோப்பை அப்படி நேரே அனுப்ப முடிகிறது. கணினி இருந்தால் மின்னூல் வடிவங்களை மாற்றும் கலிபர் என்ற இலவச மென்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நம்மிடையே சுற்றிவரும் பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில், தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்புப் பழுதாகிவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றினால் வாசிக்கலாம். என் நண்பர் ஒருவர் தன் தந்தையாரின் கட்டுரைத் தொகுப்பை அப்படி அழித்துவிட்டுப் பின்பு மிகவும் வருந்தினார்.

இவ்வளவும் சொன்னாலும், நூலகம் தளத்து பிடிஎஃப் கோப்புகளை நான் இந்தக் கருவியில் வாசிப்பதில்லை. எழுத்துச் சிறிதாகிவிடுகிறது. அதைப் பற்றி விரிவாக அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


நல்லூர் ஆவணப்பணி எழுதியது:

கொக்குவில் ஆசிரியைக்கு வணக்கம். நான் பழைய நூல்களை வருடி எண்ணிமப்படுத்தும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவள். ஏழாலை ஐயா தொட்டு நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முடிவு அங்கேதான் தங்கியிருக்கிறது.

உங்கள் 41 கோப்புகளையும் முதலில் இரண்டாகப் பிரியுங்கள். எழுத்தாகத் தட்டெழுதப்பட்ட கோப்பு ஒருவகை. மதுரைத் திட்டத்தில் 1998 பொங்கல் தொடக்கம் தன்னார்வலர்கள் பலர் ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட்டுச் சேர்த்தவை இத்தகையவை. இதில் எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமே மடிந்து திரைக்கேற்ப அமைந்துகொள்ளும். மற்றையது, நூலின் பக்கத்தைப் படமாகப் பிடித்து வைத்த கோப்பு. 2005 முதல் நூலகம் தளத்தில் சேர்ந்துவரும் நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இவ்வாறானவை. இதில் எழுத்து என்று எதுவும் கிடையாது, தாளின் படம்தான் உண்டு. படம் மடியாது, முழுதாகச் சுருங்கும், அல்லது முழுதாகப் பெருக்கும்.

இப்போது அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் வழமையாக அச்சாகும் டெமி அளவு நூலின் பக்கம் 14 சதமமீற்றர் அகலம். அதை 9 சதமமீற்றர்த் திரைக்குள் அடக்கினால் 65 வீதமாகச் சுருங்கும். 10 புள்ளியில் அச்சிட்ட எழுத்து 6.5 புள்ளியாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டு எழுத்துள்ள பகுதியை மட்டும் திரையில் பரப்பினால் 87 வீதம் வரை தேறும். வாசிப்புக் கருவிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால், ஓரத்தை வெட்டியும் 65 வீதத்தைத் தாண்டாது. படுக்கையாகப் பிடித்தால் எழுத்து நூலில் உள்ளதைவிடவும் பெரிதாகத் தெரியும். ஆனால் அப்போது திரையின் உயரம் 7 சதமமீற்றர்தான் என்பதால், ஒரு பக்கத்தை முடிக்க நாலைந்து தடவை தள்ள வேண்டியிருக்கும். அம்மா சலித்துப்போனதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். பத்திரிகை என்றால் நிலைமை இன்னும் கடினம். 1930 இல் சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரி போன்றவற்றின் அகன்ற பக்கங்களுக்கு எந்தச் சிறு திரையும் போதாது, கணினிதான் வேண்டும்.

கோரீடர் என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. கோபோ, பொக்கெட்புக் ஆகிய வாசிப்புக் கருவிகளில் நிறுவலாம், கிண்டிலில் மென்பொருள் பூட்டை உடைத்தே நிறுவ வேண்டியிருக்கும். அது படத்தையே சொல் சொல்லாக நறுக்கி, புது வரிகளாக அடுக்கித் தரும். புதிய நூல்களில் அழகாக வேலை செய்கிறது. ஈயவெழுத்தில் கோத்து அச்சிட்ட பழைய நூலில் எழுத்துகளுக்கிடையே இடைவெளி சீராக இராது. நான் பார்த்த ஒரு நூலில் "கோயில்" என்ற சொல்லின் "கோ" ஒரு வரியிலும் "யில்" மறுவரியிலும் போய் இருந்தது. படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளையும் பலர் பரிந்துரைப்பார்கள். தமிழில் அது இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆயினும் லை, ணை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும், றா, ணா, னா ஆகியவை காலில்லாமல் சுழித்தும் அச்சான அந்தப் பழைய வடிவங்களில் அது தடுமாறுகிறது. அம்மாவின் இளமைக்கால இதழ்களில் அந்த எழுத்துகளே நிறைந்திருக்கும். பிழை பார்க்க ஆளில்லாமல் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஆதலால், கருவி வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். வீட்டில் அச்சுநூலாக இருக்கும் மல்லிகை ஒன்றையோ அதே காலத்து நூல் ஒன்றையோ எடுத்துக்கொண்டு போய், போட்டோப் பிரதி எடுக்கும் கடையில் ஒரே பக்கத்தை 65 வீதத்திலும் 87 வீதத்திலும் 100 வீதத்திலும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த மூன்று தாள்களையும் அம்மாவிடம் கொடுங்கள். எந்தத் தாளை அவர் கண்ணுக்கருகே இழுக்காமல் வாசிக்கிறாரோ, அந்தத் தாளுக்குரிய திரையே உங்களுக்கு வேண்டியது. 6 அங்குலத் திரை முதல் இரண்டையும் காட்டும். 100 வீதம்தான் வேண்டும் என்றால் 10.3 அங்குல மின்மைத் திரையைப் பார்க்க வேண்டும். அதன் அகலம் 15.7, உயரம் 20.9 சதமமீற்றர். டெமி நூலின் பக்கம் ஏறக்குறைய அச்சில் உள்ள அளவிலேயே அதில் வந்து உட்காரும்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல மனம் விரும்புகிறது. 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதற்குப் பிறகும் யார் யாருடைய பரண்களிலோ, பனையோலைப் பெட்டிகளிலோ தப்பிக் கிடந்த ஒற்றைப் பிரதிகளைக் கண்டுபிடித்துத்தான் இந்தப் படங்கள் எடுக்கப்படுகின்றன. நூலின் மூலையில் இருக்கும் பூச்சியரிப்பும், முன்பக்கத்தில் யாரோ பேனையால் எழுதிய பெயரும்கூட அந்தப் படத்தில் இருக்கின்றன. சின்னத் திரையில் வாசிக்கச் சிரமம் என்பதற்காக அவற்றைத் தள்ளிவைத்துவிடாதீர்கள். அவற்றுக்கேற்ற திரையைத் தேடுங்கள்.


பருத்தித்துறையான் எழுதியது:

வணக்கம். கண் பரிசோதனைத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். என்னிடம் வாசிப்புக் கருவி இல்லை. நான் கைபேசியில்தான் வாசிக்கிறேன், நிறைவாகவே வாசிக்கிறேன்.

தங்கைக்கு 44 வயது என்று எழுதியிருப்பதால், எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். 40 வயதைத் தாண்டியதும் வெள்ளெழுத்துத் தொடங்குவது இயற்கை. கண்வில்லை இறுகிக்கொண்டு வருவதால் கிட்ட உள்ளதைக் குவித்துப் பார்க்கக் கண் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். கைபேசியை நாம் அச்சுநூலைவிடக் கிட்டப் பிடிப்பதால் அந்த உழைப்பு இன்னும் கூடுகிறது. எரிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழமையாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 தடவை இமைக்கும் நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதியளவுதான் இமைக்கிறோம். பேருந்து யன்னலால் வரும் காற்றும் சேர்ந்தால் கண்ணீர்ப்படலம் விரைவில் காய்ந்துவிடும். இது மின்மைத் திரையிலும் ஓரளவுக்கு நேரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடிகள் பாருங்கள். பேருந்தில் இருப்பவருக்கு அதற்கு வழி தேடத் தேவையில்லை.

திரையின் நீலவொளி கண்ணைப் பழுதாக்கும் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிறார்கள். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் அப்படிப் பாதிப்பு ஏற்படுவதற்குச் சான்றில்லை என்றே சொல்கிறது. உறக்கம் வேறு விடயம். 2014 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை வைத்துப் பார்த்தபோது, உறங்குமுன் 4 மணிநேரம் ஒளிவிடும் திரையில் வாசித்தவர்கள், அச்சுநூல் வாசித்த நாள்களைவிட ஏறத்தாழ 10 நிமிடம் பிந்தித்தான் உறங்கினார்கள். அங்கே திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் அறைவிளக்கைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தைத் தணித்து வைத்து வாசியுங்கள்.

கைபேசியில் நான் செய்துள்ள மாற்றங்கள் சில. ரீட்எரா என்ற செயலியில் வாசிக்கிறேன். வரிகளை இருபுறமும் சமன்செய்யும் அமைப்பை எடுத்துவிட்டு, இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்க விட்டிருக்கிறேன். ஐயா சொன்ன பொத்தல்கள் அத்தோடு போய்விட்டன. செய்யுளுக்குக் கைபேசியைப் படுக்கையாகத் திருப்பினால் குறளின் 4 சீர்களும் ஒரே வரியில் நிற்கும். வாசிக்கத் தொடங்கியதும் விமானப்பயண நிலைக்கு மாற்றிவிடுகிறேன், குழுச்செய்தி எதுவும் வராது. பாடசாலை அழைப்புக்காகத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றால், அழைப்பை மட்டும் விட்டுவிட்டு இணையத் தரவை நிறுத்துங்கள்.

ஆனையிறவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பாதையில் நானும் இரண்டு ஆண்டுகள் போய்வந்தவன். காலையில் தென்கிழக்காகப் போகும் பேருந்துக்கு வெயில் இடப்பக்கம். பின்னேரம் வடமேற்காகத் திரும்பும்போதும் வெயில் இடப்பக்கமே. இரண்டு வேளையும் வலப்பக்க யன்னலோரம் இடம்பிடியுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வசதி கைபேசியில்தான் உண்டு. எழுத்துவடிவக் கோப்பு என்றால் அதைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கவும் வைக்கலாம். குரல் இயந்திரக் குரல்தான், இருந்தாலும் வாசிக்கும் ஒழுங்கில் பிழை குறைவு. கண்புரை முற்றிய முதியவர்கள் சிலருக்கு நான் அதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். படக் கோப்புக்கு அது உதவாது.


ஸ்காபரோவில் ஒரு கோண்டாவிலான் எழுதியது:

அண்ணாவுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், அக்கா. கிண்டில் வாங்கினால், சில நாடுகளில் பூட்டுத்திரையில் விளம்பரம் வரும் வகை சற்று மலிவாக விற்கப்படும், அப்படி இருந்தால் அதை எடுக்காமல் விளம்பரமில்லாத வகையை எடுக்கட்டும். அமேசான் கணக்கு யாருடைய பெயரில், எந்த நாட்டு முகவரியில் இருக்கிறதோ அதற்கேற்பவே கடையில் நூல்கள் கிடைக்கும் என்பதால், அதையும் வரும்முன் முடிவு செய்துகொள்ளுங்கள். கிண்டில் கடையில் வாங்கும் நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வழியை அமேசான் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. உங்கள் சொந்தக் கோப்புகளை வடம்வழி ஏற்றுவதற்குத் தடையில்லை. கோபோ ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம், அதன் கருவிகளை இங்கே புத்தகக் கடைகளிலேயே எடுத்துப் பார்த்து வாங்கலாம். 10.3 அங்குலம் என்றால் 6 அங்குலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு விலை வரும்.

எந்தக் கருவியானாலும் அங்கே உத்தரவாதம் செல்லாது. என் சித்திக்கு நான் அனுப்பிய கருவியின் திரை பையில் அழுந்தி உள்ளுக்குள் வெடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்துகடையில் கொடுத்து ஒரு மாதம் காத்திருந்தும் மாற்றுத் திரை கிடைக்கவில்லை. கெட்டியான மேலுறையையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.


கொக்குவில் வாசகி எழுதியது:

நேரம் ஒதுக்கி இவ்வளவு விளக்கமாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

41 கோப்புகளையும் பிரித்துப் பார்த்தேன். 12 எழுத்துவடிவம், 29 படவடிவம். நான் பேருந்தில் வாசிப்பவை பெரும்பாலும் அந்த 12 க்குள்ளேயே இருக்கின்றன என்பதும், அந்த 29 ஐயும் ஆசையாக இறக்கி வைத்தேனே தவிர முழுமையாக வாசித்தவை 3 மட்டுமே என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாசிக்கப் பொறுமை இல்லாமற் போய்விட்டதே என்று இவ்வளவு நாளும் என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

பருத்தித்துறை அண்ணா சொன்னபடி கண்ணைச் சோதித்தேன், வெள்ளெழுத்துத்தான். கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறேன். வரியை இடப்பக்கம் ஒட்ட விட்டதும் உரைநடை வாசிப்பு உடனேயே இலகுவாகிவிட்டது. இந்தக் கிழமை வலப்பக்கம் இருந்துதான் போய்வந்தேன். ஆனையிறவிலும் திரை தெரிந்தது, மங்கலாகத்தான், ஆனாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

போட்டோப் பிரதிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை செய்தேன். வீட்டில் மல்லிகை இதழ் இல்லாததால், அயல்வீட்டு ஐயா காத்து வைத்திருந்த 1970களின் இதழ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். 65 வீதத் தாளை அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். 87 வீதத் தாளைக் கண்ணாடியோடு வாசித்தார். ஆனால் அரைப் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கினார். 100 வீதத் தாளை எடுத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் போய் இருந்தவர், ஒரு சொல்லும் பேசாமல் வாசித்து முடித்து, "மிச்சப் பக்கம் எங்கே பிள்ளை?" என்று கேட்டார். நான் ஒரு பக்கம்தான் எடுத்திருந்தேன்.

ஆகவே எனக்கென்று நினைத்திருந்த 6 அங்குலக் கருவியை இப்போதைக்கு விட்டுவிட்டேன். பேருந்துக்குக் கைபேசி இருக்கிறது. அண்ணாவிடம் 10.3 அங்குலக் கருவியைச் சொல்லி, விலையில் பாதியை நான் தருவதாகவும் சொன்னேன். அவர் சம்மதித்துவிட்டார். நாங்கள் வாசிப்பவை எல்லாம் எங்கள் சொந்தக் கோப்புகளே என்பதாலும், கோரீடரை நிறுவ இலகு என்பதாலும் கோபோவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மல்லிகை இதழின் பிடிஎஃப் கோப்பை அண்ணாவுடைய கைபேசிக்கு அனுப்பிவிட்டேன். கடைக்காரர் அனுமதித்தால் அதைக் காட்சிக்கருவியில் ஏற்றி, நல்லூர் ஆவணப்பணித் தங்கை சொன்னபடி ஓரத்தை வெட்டிப் பார்த்து, துதிக்கைக் கொம்புள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று படம் எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். மேலுறையையும் மறக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த இதழின் மிகுதிப் பக்கங்களை நாளை பாடசாலை விட்டு வரும்போது 100 வீதத்திலேயே பிரதி எடுத்துக்கொண்டு வருகிறேன்.